எடுத்துக்காட்டாக, தேவசுந்தரி

1

இது கதையாக வந்திருக்கக் கூடாது. ஒரு பத்திரிகையின் தொழில்நுட்பப் பக்கத்துக்கு, லேப்டாப்பில் எதற்கு இரண்டு கிராபிக்ஸ் சிப் என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். எளிமையாக எழுதுங்கள், உதாரணம் கொடுங்கள் என்றார்கள். எழுதினேன். ஒன்று சின்னது, பிராசசருக்குள்ளேயே குடியிருந்து அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று பெரியது, தனியாக இருக்கும், தனக்கென்று மெமரி வைத்திருக்கும், கரண்டைக் குடிக்கும், சூடாகும். அதனால் லேப்டாப் அதைத் தூங்கவே வைத்திருக்கும். கனமான வேலை வந்தால்தான் எழுப்பும். "எடுத்துக்காட்டாக, திருத்தணியில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தேவசுந்தரி என்பவரை எடுத்துக்கொள்வோம்."

எடுத்துக்கொண்டேன். கட்டுரை அதோடு நின்றுபோனது. உதாரணத்துக்கு வருகிறவர்கள் வேலை முடிந்ததும் அடுத்த பத்தியில் காணாமல் போவதுதான் வழக்கம். இவள் போகவில்லை. போக வேறு இடம் இல்லாதவள்போல அந்த வாக்கியத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

2

மலைமேல் மணி அடித்தது. தேவசுந்தரி ஜன்னலைத் திறந்து—

வேண்டாம். திருத்தணி என்றால் மணி அடித்தே ஆக வேண்டுமா?

தனிமை என்பது ஒரு—

இதுவும் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் நின்றுவிட்டது. கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி நின்றது. நாதஸ்வரம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தேவசுந்தரி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஸ்டுடியோக்காரர் வேணுவுக்கு அன்று மாலைக்குள் வீடியோ போயாக வேண்டும்.

அவளுக்கு நாற்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்த பிறகு வீட்டில் அவள் மட்டும்தான். முன்பெல்லாம் ஸ்டுடியோவுக்கே போய் நாலு பேரோடு உட்கார்ந்து எடிட் செய்தாள். கொரோனாவில் வீட்டுக்கு வந்த வேலை, அப்புறம் திரும்பிப் போகவே இல்லை. ஹார்ட் டிஸ்க்கை ஒருவன் வாசலில் கொடுத்துவிட்டுப் போவான். முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்வான். தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனால் எந்த மந்திரத்துக்கு அடுத்து கெட்டிமேளம் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆந்திர எல்லையில் புத்தூர், நகரி பக்கத்துப் பெண்கள் அப்பாவை 'நைனா' என்று கூப்பிட்டு அழும்போது எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்றும் தெரியும்.

(ஒரு தடவை மார்க்கெட்டில் பூக்கடை முன்னால் ஒரு அம்மாவைப் பார்த்துச் சிரித்து, "பொண்ணு நல்லா இருக்குதா?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மா திருதிருவென்று விழித்தாள். தேவசுந்தரிக்குத்தான் அவளைத் தெரியும், ஒரு வாரம் திரையில் பார்த்துக்கொண்டிருந்ததால். அந்த அம்மாவுக்கு இவளை எப்படித் தெரியும்? இதை மேலே ஒழுங்கான பத்தியாக எழுதியிருக்கலாம். எழுதினால் இவளைப் பார்த்து நீங்கள் உச்சுக்கொட்டுவீர்கள் என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டேன்.)

லேப்டாப், அண்ணன் மகன் இவான் பூனாவுக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போனது. அதன் அடியில் ஒரு சர்வீஸ் கடையின் ஸ்டிக்கர் இருந்தது. அந்த நம்பருக்குப் போன் செய்தாள்.

3

முதலில் எழுதியபோது போனை எடுத்தவன் கிங்ஸ்லி. மென்மையான குரல், மனைவியை இழந்தவன். மூன்று வரி போவதற்குள் கதை தானாகவே சர்ச் கல்யாணத்தை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டது. தேவசுந்தரி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது அதுவல்ல என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கிங்ஸ்லியை அனுப்பிவிட்டேன். நல்லவன், கோபித்துக்கொள்ளவில்லை.

போனை எடுத்தவள் பெபி. மணவூரில் ஸ்டேஷன் பக்கம் வீடு, கைக்குழந்தைக்காரி. திருவள்ளூரில் இருக்கும் அந்தச் சர்வீஸ் கடைக்காக வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள்.

"சொல்லுங்கக்கா, இன்னா பிரச்சனை?"

"வீடியோ திக்கித் திக்கி ஓடுதும்மா."

பெபி தன் வீட்டிலிருந்தே இன்டர்நெட் வழியாக இவள் லேப்டாப்புக்குள் வந்தாள். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து, செட்டிங்ஸைத் திறந்து, தேடியது. தன்னைத் தவிர வேறு யாரும் எதையும் நகர்த்தாத வீட்டில் அது நகர்வதைத் தேவசுந்தரி வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோ, பாத்தியாக்கா? இதுல ரெண்டு சிப்பு இருக்குது. உன் எடிட்டிங் சாஃப்ட்வேரை யாரோ சின்னதுல மாட்டி வெச்சிருக்காங்க. பாவம், அது இன்னா பண்ணும்? பெரிசு சும்மா தூங்கிகினு கீது."

"இவான்தான் பண்ணியிருப்பான். பேட்டரி மிச்சம் புடிக்கறேன்னு."

பெபி மாற்றினாள். சற்று நேரத்தில் லேப்டாப்பின் ஃபேன் உஸ்ஸென்று சுற்றத் தொடங்கியது. மாப்பிள்ளையின் கை தடங்கலில்லாமல் இறங்கி மூன்று முடிச்சையும் போட்டது.*

"அக்கா, அந்தப் பச்சைப் புடவை யாரு? தாலி கட்றாங்க, அது ஜடையை சரி பண்ணிகினே கீது!"

தேவசுந்தரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "காலைலேர்ந்து நானும் அதையேதான் பாக்கறேன். நலுங்குல பாரு, அங்கயும் அதே வேலைதான்."

"எங்க, போடு, போடு."

போட்டாள். இருவரும் பார்த்தார்கள். இத்தனை வருடங்களில் இப்படி எத்தனையோ பச்சைப் புடவைகளை அவள் கண்டுபிடித்திருக்கிறாள். சொல்வதற்குத்தான் யாரும் இல்லை. போனை வைத்த பிறகும் வெகுநேரம் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

* பெரிய சிப் வரைகிற படம் நேராகத் திரைக்குப் போவதில்லை. பல லேப்டாப்புகளில் திரை சின்னதோடுதான் இணைந்திருக்கும். பெரியது வரைந்து கொடுக்க, சின்னது காட்டும். இதை ஒரு உவமையாக்கச் சொல்லிக் கை துறுதுறுக்கிறது. ஆக்கமாட்டேன்.

4

அடுத்த வாரம் தேவசுந்தரி செட்டிங்ஸைத் திறந்தாள். வழியை அம்புக்குறியைப் பார்த்தே கற்றிருந்தாள். எடிட்டிங் சாஃப்ட்வேரைச் சின்ன சிப்புக்கு மாற்றினாள். ஃபேன் அடங்கியது. பிறகு போன் செய்தாள்.

"அப்டேட்டு ஏதாச்சும் வந்திருக்கும்க்கா," என்றாள் பெபி. சரி செய்துவிட்டு, "இன்னிக்கி யாரு கல்யாணம்?" என்றாள்.

அதற்கடுத்த வாரமும் அப்படியே. அன்று அம்மையார்குப்பத்து மாப்பிள்ளை ஒருவன். ஊஞ்சலில் தூங்கி வழிந்தான்.

சும்மா பேசுவதற்கே கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அவளிடம் கேட்டுப் பார்த்தேன். "சும்மா கூப்ட்டா, இன்னா விஷயம்னு கேப்பாங்களே," என்றாள். ஏதாவது கெட்டுப்போனால் மட்டும் மனிதர்களைக் கூப்பிடலாம் என்று எங்கேயோ, யாரிடமோ அவள் கற்றுவைத்திருந்தாள்.

5

நான்காவது முறை பெபி உடனே சிரிக்கவில்லை.

"இதை இனிமே உடக் கூடாதுக்கா. சின்னதை மொத்தமா அணைச்சிடறேன். உன் மெஷின்ல அதுக்கு வழி கீது. அப்பறம் எப்பவும் பெரிசு மட்டும்தான். சூடாவும், பேட்டரி நிக்காது, பரவால்ல. இந்தப் பிரச்சனை மறுபடியும் வரவே வராது."

அம்புக்குறி நகரத் தொடங்கியது.

"பெபி, வேணாம். நிறுத்து."

"ஏங்கா?"

"அது தானா மாறல. நான்தான் மாத்தினேன்."

"நீயா? எதுக்கு?"

"உன்கிட்ட பேசறதுக்கு வேற இன்னா காரணம் சொல்றது?"

பெபி நெகிழ்ந்துபோய், அக்கா என்று—

இல்லை. பெபி நெகிழவில்லை. அவள் வீட்டில் குழந்தை சிணுங்கியது கேட்டது. பிறகு அவள் குரல்.

"உன் மெஷினு திரும்பத் திரும்ப வருதுன்னா நான் ஒழுங்கா பாக்கலன்னு அர்த்தமாம். மேனேஜர்கிட்ட ரெண்டு வாட்டி பேச்சு வாங்கிகினேன்க்கா. ராவெல்லாம் எங்க தப்பு பண்ணேன்னு யோசிச்சிகினு இருந்தேன்."

"பெபி, எனக்கு அது தெரியாதும்மா—"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

தேவசுந்தரி போனை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியிலேயே இருந்தாள். தான் கூப்பிடுவதற்கு இன்னொரு வீட்டில் ஒரு விலை இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அந்த வாரம் வந்த கல்யாணத்தைத் தடங்கலில்லாமல் எடிட் செய்து கொடுத்தாள். யார் முகத்தையும் ஊன்றிப் பார்க்கவில்லை.

6

கதையை இங்கேயே முடித்து வைத்திருந்தேன். கறாரான வாசகர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கதைக்கு ஒரு குறையும் வராது. எனக்குத்தான் முடியவில்லை. ஓர் உதாரணத்துக்காக அழைத்து வந்தவளை இந்த நாற்காலியில் இப்படி விட்டுவிட்டுப் போவது நியாயமாகப் படவில்லை.

ஆகவே, சில நாள் கழித்து அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"நான்தான்க்கா. இது என் சொந்த நம்பரு." குரலில் கோபம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. "ஞாயித்துக்கிழமை இன்னா பண்ணுவ?"

"சர்ச்சுக்குப் போவேன். அப்பறம் ஒன்னுமில்ல."

"அப்ப முடிச்சிட்டு மணவூர் வா. ஸ்டேஷனாண்ட நிக்கறேன். அந்த லேப்டாப்பு கீப்டாப்பு எதையும் எடுத்துகினு வராத. நீ மட்டும் வா."

"ஆங்," என்றாள் தேவசுந்தரி.

7

ஞாயிற்றுக்கிழமை. திருத்தணி ஸ்டேஷன். திருப்பதி பஸ் கிடைக்காத கூட்டம் ஒரு பக்கம், மலையிலிருந்து மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இறங்கி வந்தவர்கள் ஒரு பக்கம். தேவசுந்தரி கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட், குழந்தைக்கு. பெபியின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. போய் இறங்கி என்ன பேசுவது? பழுது ஒன்றும் இல்லையே. மன்னிப்பிலிருந்து தொடங்குவதா? இல்லை, குழந்தையிடமிருந்தா? கால் ஒரு தடவை வெளிவாசல் பக்கம் திரும்பியது.

அவளை ரயிலில் ஏற்றும் வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் வாக்கியம் அதைவிட நன்றாக வந்தது, அதனாலேயே அடித்துவிட்டேன். இனி நான் அவளுக்காக எதையும் மாற்றப் போவதில்லை. அந்தக் கட்டுரை வேறு அப்படியே கிடக்கிறது.

மணவூர் வழியாகப் போகும் சென்னை மின்சார ரயில் உள்ளே வந்து நிற்கிறது. இங்கிருந்துதான் புறப்படும், ஆகவே சற்று நேரம் நிற்கும். நான் எழுந்துகொள்கிறேன். உங்களுக்கு அவசரம் இல்லையென்றால், அது கிளம்பும்வரை அவள் பக்கத்தில் இருங்கள். இன்னா விஷயம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.