மேலே ஏறும் புள்ளிகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. ஒரு பத்திரிகைக்குத் தீ விபத்துக் கதை எழுதித் தருவதாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தீயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுப்போடு சரி. அதனால் தங்கையின் அலுவலகத்துக்குப் போனேன். கட்டடம் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் எப்படி வெளியேறுவார்கள் என்று கணினியில் நடத்திப் பார்ப்பது அவள் வேலை.

கையோடு ஒரு தொடக்கமும் கொண்டுபோயிருந்தேன்:

"தீயின் நாக்குகள் கூரையை நக்கின. ஜனங்கள் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு, ஐயோ அம்மா என்று அலறி—"

அவள் அதற்கு மேல் படிக்கவில்லை.

"அண்ணா, முதல்ல யாரும் ஓடவே மாட்டாங்க," என்றாள். "மணி அடிச்சா பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சியப் பார்ப்பாங்க. பையத் தேடுவாங்க. கூட வந்தவங்களத் தேடுவாங்க. அப்புறம்தான் கிளம்புவாங்க."

(மிதித்து ஓடும் கூட்டம் இல்லாமல் தீக்கதையா? உப்பில்லாப் பண்டமாகிவிடுமே என்று கவலைப்பட்டேன். அந்தக் கவலை இந்த அடைப்புக்குறிக்குள்ளேயே கிடக்கட்டும்.)

2

திரையில் ஒரு துணிக்கடை. இனிமேல்தான் கட்டப்போகிறார்கள். ஆட்களெல்லாம் புள்ளிகள்; பெரியவர்கள் நீலம், குழந்தைகள் மஞ்சள். மூன்றாம் மாடியில் குழந்தைகள் விளையாட ஓர் அறை. பிள்ளையை அங்கே விட்டுவிட்டு, கீழ் மாடிகளில் நிம்மதியாகத் துணி பார்க்கலாம். அந்த அறைக்கென்றே பின்பக்கம் தனியாக ஒரு படிக்கட்டு இருக்கிறது.

அவள் மணியை அடிக்கவிட்டாள். பணிப்பெண்களோடு மஞ்சள் புள்ளிகள் பின்படி வழியாக இறங்கிப் பின்தெருவுக்கு வந்துவிட்டன. நீலப் புள்ளிகளில் பாதி முன்வாசலுக்கு இறங்கின. மீதிப் பாதி, புகை சேர்ந்துகொண்டிருந்த முன்படியில், மேலே ஏறின.

பிள்ளைகள் வெளியே வந்துவிட்டது அவற்றுக்குத் தெரியாது. காலி அறைக்குள் போய்ச் சுற்றின. மேசைக்கடியில் குனிந்து பார்ப்பதுபோல மூலைமூலையாக நின்றன. வெறும் புள்ளிகள்தான், ஐயா.

பெற்றவர்கள் பிள்ளையைத் தேடிப் போவார்கள் என்ற விதியைக் கணினிக்கு எழுதியவள் தங்கைதான். அதை எடுத்துவிட்டால் எல்லாப் புள்ளிகளும் சமர்த்தாக இறங்கிவிடும், கட்டடமும் சோதனையில் தேறிவிடும். எடுக்கச் சொன்னவர் அவளுடைய மேலதிகாரி. யார் எதை எழுதிக் கொடுத்தாலும் பாதியை அழிக்கச் சொல்வதால் அலுவலகத்தில் அவருக்கு ரப்பர் என்று பெயர். பிள்ளைகள் பத்திரம் என்று ஒலிபெருக்கியில் சொன்னால் பெரியவர்கள் இறங்கிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. விளையாட்டறையைத் தரைத்தளத்தில் வாசலோரமாகக் கொண்டுவர வேண்டும் என்பது இவள் கட்சி. கடை முதலாளிக்கோ அந்த இடத்தில் சென்ட் பாட்டில்தான் விற்க வேண்டுமாம். அறிக்கை அன்று மாலை போயாக வேண்டும்.

3

எனக்குள் இருந்த கதாசிரியன் விழித்துக்கொண்டான்.

முடிவு ஒன்று: அவள் விதியை எடுக்கிறாள். கடை திறக்கிறது. ஒரு நாள்— (இதை எழுதக் கை வரவில்லை. விடுங்கள்.)

முடிவு இரண்டு: ராஜினாமாவை ரப்பரின் முகத்தில் வீசிவிட்டு அவள் நிமிர்ந்து நடக்கிறாள். இது எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"நான் போயிட்டா அடுத்து வர்றவங்க ஒரு நிமிஷத்துல அந்த விதிய எடுத்துடுவாங்க. வீராப்பெல்லாம் உன் கதைக்குத்தான் ஆகும்ணா."

கதாபாத்திரம் ஆசிரியனைவிடப் புத்திசாலியாக இருப்பது பெரிய தொல்லை. அது சொந்தத் தங்கையாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

4

நடந்தது இதுதான். ரப்பர் வந்து அறிக்கையைக் கேட்டார். அவள் தராமல் ஒரு பதிவை ஓடவிட்டாள். வேறெங்கோ ஒரு கட்டடத்தில் பிடித்த சிறு தீ, உயிர்ச்சேதமில்லை. படிக்கட்டின் மேலிருந்த கேமராவில் பதிவாகியிருந்தது.

குறுகிய படி. இருமிக்கொண்டு, நெருக்கியடித்து இறங்கும் கூட்டம். அதற்கு எதிராக ஒரு பெண், காலில் செருப்பில்லாமல், மேலே ஏறுகிறாள். மிதித்துவிடப் போகிறார்கள் என்று நான் கண்ணை இடுக்கிக்கொண்டேன்.

கூட்டம் பக்கவாட்டில் திரும்பிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஒருவர், அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று மேல்படி வரைக்கும். யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பெட்டியோடு வந்த ஒருவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். உயிருக்குப் பயந்து இறங்கிய அத்தனை பேரும், நெருப்பைப் பார்த்து ஏறும் ஒருத்திக்காக நின்றார்கள். அவள் எதற்குப் போகிறாள் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. இத்தனை வருடம் மனிதர்களைப் பற்றித்தான் எழுதி வருகிறேன். மனிதர்கள் இவ்வளவு பெரியவர்கள் என்று எனக்குத் தெரியாது.

ரப்பர் மறுபடி போடச் சொன்னார். அதற்கப்புறமும் ஒரு தடவை.

"நான் விதிய எடுத்துடறேன் சார்," என்றாள் தங்கை. "இந்தம்மா கீழ இறங்கிடுவாங்கன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

5

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். கதைக்காரன் பேச்சை நம்பி ஒரு கட்டடத்தைக் கட்டக் கூடாது. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடையின் முதல் மாடியில் நிற்கிறீர்கள். கையில் பாதி விரித்த ஒரு துணி. உங்கள் பிள்ளை மூன்றாம் மாடியில். மணி அடிக்கிறது. புகை வாடை வருகிறது. பிள்ளைகள் பத்திரம், தயவுசெய்து கீழே இறங்குங்கள் என்கிறது இனிமையான ஒரு குரல். இறங்கும் வழியில் தடையே இல்லை. வாசல் வெளிச்சம்கூடத் தெரிகிறது.

பேனா இப்போது உங்கள் கையில். "இறங்கிவிடுவேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.