ஒரு நாய் நுழையும் அளவு

எங்கள் நாயின் பெயர் சித்தப்பா. காரணமே இல்லாமல் பெருமூச்சு விடும் என்பதால் வைத்த பெயர். அசல் சித்தப்பா அன்றிலிருந்து எங்களோடு பேசுவதில்லை. அது தனி லாபம்.

தீ, வெள்ளம் என்று ஊரே கதிகலங்கிக் கிடக்கும் இடத்துக்குப் போய், உடைந்துபோனவர்களின் காலில் தலைவைத்துப் படுப்பது சித்தப்பாவின் வேலை. கயிறு பிடிப்பது என் வேலை. இன்று இருவருக்கும் பரீட்சை. தேறாவிட்டால், நாயைத் தந்த பயிற்சி மையமே அதை வெளியூரில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.

தோற்பது எனக்குப் புதிதல்ல. ஆனால், ஆலை தீப்பிடித்து அத்தான் போனதிலிருந்து அக்கா அறையைவிட்டு வெளியே வரவில்லை, யாரோடும் பேசவில்லை. அவள் கதவு திறப்பது சித்தப்பாவுக்கு மட்டும்தான். அதுவும் ஒரு நாய் நுழையும் அளவுக்கு.

பரீட்சைக் கூடத்தில் நாற்காலிகளைக் கவிழ்த்துப்போட்டு, சைரனை அலறவிட்டு, தன்னார்வலர்களை அழச்சொல்லியிருந்தார்கள். ஒரு மீசைக்காரர் விருதே கொடுக்கலாம் என்கிற அளவுக்கு அழுதார். சித்தப்பா அவரை மோந்து பார்த்தது. பெருமூச்சு விட்டது. திரும்பி வந்து என் காலில் படுத்துக்கொண்டது.

"அவர்கிட்ட போடா, உன் கால்ல விழறேன்," என்றேன், அது என் காலில் கிடக்க.

பயிற்சியாளர் அம்மா விசில் ஊதினார். "கயித்தை இப்படி நடுங்க நடுங்கப் பிடிச்சா, உன் பயம் நேரா அதுக்குத்தான் போகும். கூட்டிட்டு வந்தவன் கால்லயே படுத்தா ஃபெயில்னு தெரியும்ல?"

"இன்னொரு தடவை மேடம், கெஞ்சிக் கேக்குறேன்."

"நாய் பாஸுப்பா. நீதான் ஃபெயில். சாயங்காலம் வண்டி வரும்."

வீட்டுக்கு வந்து அக்காவின் கதவைத் தட்டினேன். "அக்கா, சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போகப்போறாங்க. கடைசியா ஒரு தடவை பாத்துக்கோ."

கதவு வழக்கமான அளவுக்குத் திறந்தது. சித்தப்பா உள்ளே போகவில்லை. என் காலிலேயே படுத்தது. தள்ளிப் பார்த்தேன், மூட்டை மாதிரி கிடந்தது. தெருவில் ஹார்ன் அடித்தார்கள்.

"ஏன்டா உள்ள வர மாட்டேங்குது?" துருப்பிடித்த குரல். அக்காவுடையது.

"ரொம்ப உடைஞ்சவங்க கால்லதான் படுக்கும்க்கா."

"உனக்கென்னடா?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு. மீசைக்காரர் கேட்டிருந்தால் அழும் தொழிலைக் கற்றுக்கொண்டிருப்பார்.

இடுக்கு வழியாக ஒரு கை நீண்டு கயிற்றைப் பிடித்தது. அந்தக் கையும் நடுங்கியது.

மறுபடி ஹார்ன். நாங்கள் இருவருமே விடவில்லை.