கூரையேறிய உபயம்

கடல்கடந்த ஜார்ஜ்டவுனின் ஒரு சந்துக்குள் கோயில் கொண்டிருந்த முருகனுக்கு மின்கட்டணம் ஒரு குறையே அன்று. குறையெல்லாம் செயலாளர் பழனியப்பனுக்குத்தான். ஆகவே மண்டபக் கூரையில் சூரியத் தகடுகள் பதிக்கத் துணிந்தார். பாதிச் செலவு அடியார்களின் உபயம். மீதி, வங்கியின் பசுமைக் கடன். தகடுகள் போதிய மின்சாரம் தருகின்றனவா என்று வங்கி சோதித்த பிறகே கடன் கிட்டும். கிட்டாவிட்டால், தைப்பூசத்துக்குள் தகடுகளைக் கழற்றிக்கொண்டு போவேன் என்று பதித்தவர் சொல்லிவிட்டார்.

சோதனை நாளில் வெயில் சற்றும் இரக்கமின்றிக் காய்ந்தது. வங்கி அதிகாரி சாந்தினி மீட்டரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மீண்டும் மீட்டரைப் பார்த்தார்.

"அண்ணே, இவ்ளோ வெயில்ல பாதி கரண்டுகூட வரலையே. மேல மரம் ஏதும் மறைக்குதா?"

"மரமே இல்லம்மா. மொட்டை வானம் லா."

இருவரும் ஏணியேறினர். "முருகா!" என்றார் பழனியப்பன். குழல்விளக்கில் உபயக்காரர் பெயரை எழுதி ஒளியை மறைப்பது நம்மவரின் பழைய வழக்கம். அது இப்போது கூரையேறியிருந்தது. ஒவ்வொரு கண்ணாடியிலும் சிவப்புச் சாயத்தில் பெயர்கள். லாரி முதலாளி முனுசாமியின் தகடுகளிலோ, அவரும் மனைவியும் மக்களும் மருமக்களும் கம்பெனியின் தொலைபேசி எண்ணோடு எழுந்தருளியிருந்தனர். கதிரவன் கால்வைக்க இடமில்லை. பெயர் எழுதச் சொன்னவர் பழனியப்பனே. எங்கே என்று சொல்லத்தான் மறந்திருந்தார்.

"அழிச்சிடுங்கண்ணே. மூணு மணிக்கு மறுபடி பார்ப்பேன். அப்பவும் இப்படின்னா லோன் கிடையாது," என்று சாந்தினி சாப்பிடப் போனார்.

செய்தி கேட்டு முனுசாமி லாரியிலேயே வந்து இறங்கினார்.

"என் பேர அழிப்பியா? அப்ப நான் உபயமாக் கொடுத்த வெள்ளிப் பணத்தத் திருப்பிக் கொடு!"

"கூரைமேல அத யாருண்ணே படிப்பா?"

"முருகன் மயில்ல வருவாருல்ல, படிப்பாரு."

"உங்க பேரு அவருக்குத் தெரியாதா? எத்தன அர்ச்சன பண்ணிருக்கீங்க! ஜனங்களுக்குத்தான் தெரியணும். கீழ மண்டபச் செவுத்துல எழுதிடுவோம்."

முனுசாமி யோசித்தார். "போன் நம்பரோட?"

"போன் நம்பரோட."

"லைட் போடணும். பெருசா."

அந்த வேளையில் பழனியப்பன் நிலவையே கேட்டிருந்தாலும் தருவதாகச் சொல்லியிருப்பார்.

முனுசாமி வேட்டியை மடித்துக்கட்டி, தாமே தின்னரும் துணியுமாக உட்கார்ந்தார். "மொதல்ல என் மாப்பிள்ள பேர அழிப்போம். அவன் ஒரு காசும் தரல." அவரே அழிப்பதைக் கண்டபின் மற்ற உபயக்காரர்களும் இணங்கினர். மூன்று மணிக்கு மீட்டர் துள்ளியது, கடன் கைகூடியது.

தைப்பூசத்தன்று மண்டபச் சுவர் தகதகத்தது. முனுசாமிக்கு விளக்கென்றால் தமக்கு மட்டும் இருளா என்று எல்லா உபயக்காரரும் கேட்டிருந்தனர். பெயருக்கொரு விளக்கு! கதிரவன் பகலெல்லாம் ஈட்டித் தந்ததை அந்தச் சுவர் ஒன்றே குடித்துத் தீர்த்தது. மின்கட்டணமும் பழையபடியே வந்திருந்தது.

கண்கூசி, பழனியப்பன் கருவறைப் பக்கம் திரும்பினார். அங்கே ஒரேயொரு நெய்விளக்கு. யாருடைய உபயமென்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அந்த ஒளியில் முருகன் சிரித்துக்கொண்டிருந்தான்.