நீர்மூழ்கியும் மிளகு ஏணியும்

என் மகன் இளங்கோ கப்பற்படையில் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. கப்பலில் இருந்தவரை அவன் அம்மா பெருமாயிக்குப் பெரிய கவலை இல்லை. கப்பல் தண்ணீருக்கு மேலேதானே போகிறது. இந்த மாசி மாதம் போனில் பேசும்போது, நீர்மூழ்கிக்கு ஆள் எடுக்கிறார்கள், பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டான். பெருமாயி போனை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அம்மா சரி என்றால்தான் பெயர் கொடுப்பேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றான் அவன்.

அந்த வாரம் எங்கள் மலையில் வளப்பூர் நாட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நீர்மூழ்கிகளின் வரலாறும் மாதிரிக் கப்பல்களும், செம்மேட்டு மண்டபத்தில். நானே படித்தேன். நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் படித்த எழுத்து. இப்போதும் விரல் வைத்துத்தான் ஓடும். சனிக்கிழமை வேலைக்குப் போகாமல் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் பாய்மரக் கப்பல்கள். அவளுக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு கயிறும் எங்கே போய் முடிகிறது என்று குனிந்து பார்த்தாள். அடுத்த கண்ணாடிப் பெட்டியில் ஒரு நீர்மூழ்கி, பாதியாக வெட்டி உள்ளே தெரிகிற மாதிரி. ஒரு பக்கம் சுண்டுவிரல் அளவு மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவராக, அடுக்கடுக்காகப் படுத்திருந்தார்கள்.

பெருமாயி பின்னால் நகர்ந்தாள். "ஏனுங்க, எல்லாஞ் செத்துக் கெடக்குதுங்க. வாங்க போலாம்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பலகையைப் படித்தேன். இடம் குறைவு என்பதால் ஒருவர் வேலைக்கு எழுந்ததும் அதே படுக்கையில் இன்னொருவர் படுப்பார் என்று போட்டிருந்தது. முன்பு ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற லாரியில் வேலை பார்த்தபோது நானும் அப்படித்தான் படுத்தேன், எழுந்து போனவனுடைய சூடு ஆறுவதற்குள் என்று சொன்னேன்.

"அதான் அப்ப ஊட்டுக்கு வந்தா ஊரான் வேர்வையெல்லாம் நாறுனீங்களா," என்றாள். முகம் கொஞ்சம் இளகியது.

கடைசிப் பலகை கறுப்பு நிறம். நான் விரல் வைத்து மனசுக்குள் படித்துவிட்டு, விரலை எடுத்துக்கொண்டேன்.

"அதுல என்ன போட்டிருக்குதுங்க?"

அவளுக்கு எழுத்து தெரியாது. நான் எதைச் சொன்னாலும் நம்புவாள். ஆனால் நாளைக்குப் பதில் சொல்லப்போகிறவள் அவள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி அப்படியே வாசித்தேன். மூழ்கிய நீர்மூழ்கிகளில் சில திரும்பவில்லை. அவற்றில் இருந்தவர்களின் நினைவாக.

அவள் என் கையை விட்டாள். பிறகு கண்காட்சியைச் சுற்றிக் காட்டுகிற சுகுணா என்ற பெண்ணிடம் போனாள்.

"கண்ணு, கீழ போனவன மேல இருந்து கூப்ட்டா, குரல் குடுப்பானா?"

அவள் ஏன் அதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் நான் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறினால், அடியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவள்தான். இலைக்குள் போய்விட்டால் நான் தெரிய மாட்டேன். அவ்வப்போது கூப்பிடுவாள், நான் குரல் கொடுக்க வேண்டும். மிளகு போடுகிற பையின் கயிற்றை வாயில் கவ்வியிருந்தால் தாமதமாகும். அதுவரை அவளுக்கு மூச்சு வராது.

ரொம்ப ஆழத்தில் இருந்தால் பேச முடியாது என்றாள் சுகுணா. சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து செய்தி கேட்பார்கள். வரவில்லை என்றால் தேடக் கிளம்பிவிடுவார்கள். அதற்காகவே கரையில் ராத்திரி பகலாக ஆள் இருக்கும் என்றாள்.

"அவிய தூங்கிற மாட்டாங்களே?"

"முறை மாத்தி உக்காருவாங்கம்மா. எடம் காலியாவே இருக்காது."

பெருமாயி தலையாட்டிக்கொண்டாள். திரும்பி வந்து பாய்மரக் கப்பல்களை இன்னொரு தடவை பார்த்தாள். வெளியே டீ குடித்தோம். டவர் கிடைக்கிற இடம் பார்த்து அவளே நின்று, மகனுக்குப் போன் போடச் சொன்னாள்.

"பேரு குடு சாமி," என்றாள். "ஆனா மேல வந்தவொடனே எனக்கொரு குரல் குடுக்கோணும். நா ஏணிக் காலடியில நிக்கிறேன்னு நெனச்சுக்க."

அந்தப் பக்கம் அவன் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். கட்டில்தான் பத்தாதாம், அதுல எப்படித் தூங்கறதுன்னு உன் அப்பன்கிட்டக் கேட்டுக்கோ என்றாள்.

மறுநாள் மிளகு பறிக்க ஏறினேன். மனசு லேசாக இருந்தது. கீழே இருந்து அவள் கூப்பிட்டாள். வாயில் கயிறு. அதை எடுத்து உடனே குரல் கொடுத்தேன்.