வாசல் புல்லுக்கு ஒரு நோட்டீஸ்

வந்திருந்தவர்கள் மூன்று பேர். கைவைத்த ஒரே நாற்காலியில் குடியிருப்போர் சங்கத் தலைவர். ஜன்னலோரம் பல் டாக்டரம்மா. முக்காலியில், உறுப்பினராக இல்லாமலே எல்லாக் கூட்டத்துக்கும் வரும் தலைவரின் மச்சான். தெரு முழுக்கப் புல்தரையைப் பாய் மாதிரிச் சுருட்டி வந்து விரித்து விற்றவர் அவர்தான். வீட்டுக்காரரும் சங்கச் செயலாளருமான குமாஸ்தா, குறிப்பேட்டோடு மேசையருகே. அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றாள்; அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

பொருள்: குமாஸ்தா வீட்டு வாசல்.

அங்கே இடுப்பளவு புல். இரண்டு வருடத்துக்கு முன் ஆற்றங்கரையிலிருந்து நான்கு தூர் பெயர்த்து வந்து நட்டது. முதல் கோடைக்குப் பிறகு ஒரு குடம் தண்ணீர் கேட்டதில்லை. இப்போதுதான் முதல் முறையாகத் தண்டு தடித்திருந்தது. உள்ளே இருக்கும் கதிர் வெளியே வந்து பூக்க இன்னும் இருபது நாளாகும். அதைப் பார்க்கத்தான் மனுஷர் தினமும் காலையில் குனிந்து குனிந்து தண்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இது வாசலா சார், மாடு மேயுற எடமா?” என்றார் மச்சான்.

“மாடு வந்தா உங்க புல்லத் தொடாது தம்பி. அதுக்கும் நாக்கு இருக்குல்ல,” என்றாள் மனைவி.

டாக்டரம்மா சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். அவர் வாங்கி விரித்த புல்தரை, இரண்டு வேளையும் தண்ணீர் குடித்துவிட்டுக் காமாலை கண்டதுபோல் கிடந்தது.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள வெட்டியாகணும்,” என்றார் தலைவர். “தெருவுக்குன்னு ஒரு கௌரவம் வேணாமா?”

“வெட்டலாம் சார்,” என்றார் குமாஸ்தா. “ஆனா சங்க விதி எட்டு இருக்கே. எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும். கையில கெடச்ச நாள்லேருந்து முப்பது நாள் பதிலுக்கு விடணும்.”

“யாருய்யா அத எழுதினது?”

“நான்தான் சார். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

தலைவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் மின்விசிறியைப் பார்த்தார். படிக்காமல் கையெழுத்துப் போடுவது தலைவருக்கு முப்பது வருட உத்தியோகம் கற்றுத்தந்த வித்தை.

“சரி, நோட்டீஸ எழுதித் தொலைங்க.” சங்கத்தில் பிழையில்லாமல் கடிதம் எழுத வேறு ஆள் இல்லை.

குமாஸ்தா ஓரம் விட்டு, தேதியிட்டு எழுதினார். ‘ஐயா, தங்கள் வாசலில் கேட்பாரற்று வளர்ந்து நிற்கும் புல்...’ தன்னைக் கண்டிப்பதில் ஒரு வரிகூடக் குறை வைக்கவில்லை. தலைவர் வழக்கம்போல் அடியை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டார்.

“இப்பவே கையில வாங்கிக்கோங்களேன்,” என்றார் மச்சான்.

“முறை இல்ல தம்பி. பதிவுத் தபால்ல வரணும்.”

“தபால்காரர் வர்ற நேரத்துல நீங்க வீட்ல இருக்க மாட்டீங்களே,” என்றாள் மனைவி, முகத்தில் எதுவும் காட்டாமல்.

மறுநாள் தண்டை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தபால் நிலையம் போனார். உறையைப் புரட்டிப் பார்த்த பெண், “அனுப்புறவர், வாங்குறவர் ரெண்டும் ஒரே விலாசமா இருக்கே சார்?” என்றாள்.

“ஆமாம்மா. அனுப்புறவர் ரொம்பக் கண்டிப்பான ஆளு.”

உறையின் வாயை இன்னொருமுறை அழுத்தி ஒட்டிக் கொடுத்துவிட்டு, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.