சிவப்பு நட்சத்திரம் இருக்கும் வீடு

தவக்காலம் பிறந்த பிறகும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வாசலில் தொங்கினால் ஜெபக் கூட்டத்துப் பெண்கள் பேசுவார்கள். டோரிஸுக்கு அதுதான் கவலை. நாளை தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன், வெள்ளிக்கிழமைக் கூட்டம் அவள் வீட்டில். ஆனால் நட்சத்திரத்துக்கு ஒரு சாண் தள்ளி, அதே மின்கம்பியில், தேன்சிட்டு ஒன்று கூடு தொங்கவிட்டுக் குஞ்சும் பொரித்திருந்தது.

"கூட்ட தொடாதீங்க. ஸ்டார மட்டும் கழட்டுங்க" என்றாள் கணவரிடம்.

ஆம்புரோஸ் ஏணி போட்டு, சிவப்பு நட்சத்திரத்தை மட்டும் கழற்றினார். கூடு அசையவே இல்லை.

சற்று நேரத்தில் தாய்ச்சிட்டு வாயில் சிலந்தியோடு வந்தது. வாசல் போர்ச்சுக்கு வெளியே அந்தரத்தில் சிறகடித்து நின்றது. உள்ளே வராமல் பக்கத்து வீட்டுப் போர்ச்சுக்குப் போனது. பிறகு அதற்கடுத்த வீடு. குனோங் ராபாட் குடியிருப்பின் அந்த வரிசையில் எல்லா வீடும் ஒரே அச்சு: அதே தூண், அதே கூரை, பின்னால் அதே சுண்ணாம்புக் குன்று. குஞ்சுகள் கத்தத் தொடங்கின.

"என்னா இது, சொந்த வீடு தெரியலயா அதுக்கு?" என்றார் ஆம்புரோஸ்.

"ஒங்களுக்கு தெரிஞ்சிச்சா? குடிவந்த புதுசுல பக்கத்துல ராஜு வீட்டு கேட்ல சாவிய போட்டு ஆட்டுனீங்க. அப்பறம்தான நான் மஞ்ச பூந்தொட்டி வாங்கி வெச்சேன்?"

இன்றும் அந்தத் தொட்டியைப் பார்த்துத்தான் அவர் காரைத் திருப்புகிறார்.

சிட்டு மறுபடியும் ராஜு வீட்டுக்கே போனது. குஞ்சுகளின் சத்தம் மெலிந்தது. டோரிஸ் சமையலை விட்டு வாசலுக்கு வந்தாள்.

"ஸ்டார திரும்ப மாட்டுங்க லா."

"கூட்டத்துல கேப்பாங்களே?"

"கேக்கட்டும். புள்ளைங்க பசியில கெடக்கு."

மாட்டிவிட்டு இறங்கிய ஆம்புரோஸ் ஏணியை மடக்குவதற்குள் சிட்டு நேராக உள்ளே வந்தது. கூட்டின் வாயில் இரண்டு அலகுகள் திறந்தன.

வெள்ளிக்கிழமை போர்ச்சில் நாற்காலி போட்டிருந்தார்கள். கூட்டத்தில் மூத்தவரான ஜோவான் அக்கா செருப்பைக் கழற்றும்போதே மேலே பார்த்துவிட்டார்.

"ஏய் டோரிஸ், ஒனக்கு இன்னும் கிறிஸ்துமஸ் முடியலயா?"

"முடியலக்கா. குழந்தைங்க இன்னும் தொட்டில்லதான் இருக்காங்க."

டோரிஸ் கூட்டைக் காட்டினாள். ஜோவான் அக்கா கண்ணாடியை ஏற்றி வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப பாட்ட மெதுவா பாடுங்க" என்றார் மற்றவர்களிடம்.

மெதுவாகத்தான் தொடங்கினார்கள். இரண்டாம் சரணத்தில் டோரிஸே குரலை உயர்த்திவிட்டாள். சிட்டு அதைப் பொருட்படுத்தாமல், தலைகளுக்கு மேலாக இரையோடு வந்து சேர்ந்தது.