ஐந்தாம் மாடியிலிருந்து ஓஸ்தியாவுக்கு

ரோம் நகரத்துத் தெஸ்தாச்சோ பேட்டையில் இருக்கும் அந்தக் கட்டடத்துக்காரர்கள் கூட்டம் போட்டால் முற்றத்தில்தான் போடுவார்கள். காற்றோட்டத்துக்காக என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் டேலியாவுக்காக. ஐந்தாம் மாடியில் இருக்கும் அவளால் இறங்கி வர முடியாது. அவளை விட்டுவிட்டுக் கூட்டம் நடத்தும் தைரியம் கீழே ஒருத்தருக்கும் கிடையாது. ஜன்னல் விளிம்பில் தலையணையைப் போட்டு, அதன்மேல் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு அவள் மேலேயிருந்து பேசுவாள். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கப் பதில் சொல்வார்கள். காலமெல்லாம் சந்தையில் ஆட்டுக்குடலும் ஈரலும் கூவி விற்ற தொண்டை அது. அவளுக்கு மைக் எதற்கு?

இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆன பிறகு, இரண்டு குளிர்காலம் போய்விட்டது, டேலியா தெருவைத் தொடவில்லை. வீட்டுக்குள் கோலை ஊன்றி நடப்பாள், சமைப்பாள், பக்கத்து வீட்டு ரேடியோவைத் திட்டுவாள். படி மட்டும் ஆகாது. ரொட்டி, காய், மாத்திரை எல்லாம் கயிறு கட்டிய கூடையில் ஏறி வரும். கத்தரிக்காய்க்குக் கிடைத்த வசதி எனக்கு இல்லையே என்று அவள் கிண்டலாகத்தான் சொல்வாள். சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வாள்.

லிஃப்ட் வைக்கலாமே என்றால், வைக்கலாம்தான். முற்றத்தில் இடமும் இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் கட்டட விஷயத்துக்குத் தலையை மட்டும் எண்ணினால் போதாது. யாருக்கு எவ்வளவு இடம் சொந்தமோ, அவ்வளவு கனம் அவர் ஓட்டுக்கு. கீழே இரும்புச் சாமான் கடை, அதன் கிடங்கு, குடியிருக்கும் முதல் மாடி முழுக்க, இரண்டாம் மாடியில் வாடகைக்கு விட்ட வீடு என்று எல்லாம் குவிரினோவுக்குச் சொந்தம். அவன் ஒரு கை தூக்கினால் மற்றவர்கள் இரண்டு கையையும் தூக்கினாலும் எடுபடாது. ஒவ்வொரு வருஷமும் லிஃப்ட் பேச்சு வரும். கடை தரையில, வீடு முதல் மாடியில, எனக்கெதுக்கு லிஃப்ட் என்பான். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். மனுஷன் கெட்டவன் இல்லை. தன் வாசலுக்கு மேலே ஒரு உலகம் இருக்கிறது என்பது அவனுக்கு உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஏப்ரல் மாதக் கூட்டம் சாக்கடை அடைப்பைப் பற்றியது. கட்டட நிர்வாகி பலோம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்குவதற்குள் மேலேயிருந்து குரல் வந்தது. நேற்று டிவியில் பழைய ஓஸ்தியாவைக் காட்டினார்களாம். ரோமாபுரிக் காலத்துத் துறைமுக ஊர், அப்படியே இருக்கிறதாம். கோவில், நாடகக் கொட்டகை மட்டுமில்லை, வாடகைக்காரர்கள் குடியிருந்த மாடிக் கட்டடமாம், கீழே கடைகள், மேலே வீடுகள், நடுவில் முற்றம், நம்முடையது மாதிரியே. மே மாதம் முதல் ஞாயிறு வருகிறதே, அன்றைக்கு டிக்கெட் வாங்காமலே உள்ளே விடுவார்களே, எல்லாரும் சேர்ந்து போனால் என்ன என்று அவள் கேட்டாள்.

சாக்கடைப் பேச்சு அங்கேயே செத்தது. மூன்றாம் மாடி டீச்சர் மிரெல்லா குதிக்காத குறை. நாலாம் மாடி ரொட்டிக்காரர் ஃபவுஸ்தோ, முதல் நாளே அடுப்பில் பன்றி இறைச்சி ரோஸ்ட் வைத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். குவிரினோ மட்டும், ஓஸ்தியாவுக்குப் போவதென்றால் கடற்கரைக்குப் போகலாம், கல்லைப் பார்க்க எவன் போவான் என்றான். பலோம்பிக்குப் பழக்கதோஷம், உடனே ஓட்டெடுத்துவிட்டார். கடையும் கிடங்கும் வீடுகளுமாகச் சேர்ந்து கடற்கரை ஜெயித்துவிட்டது.

டேலியா விடவில்லை.

"பிறந்ததுலேருந்து அந்த ரயில்ல கடலுக்குப் போறீங்க. வழியில பழைய ஓஸ்தியான்னு ஒரு ஸ்டேஷன் வருதே, ஒரு நாளாவது இறங்கியிருக்கீங்களா? அமெரிக்காக்காரன் பிளேன் ஏறி வந்து பார்த்துட்டுப் போறான். நம்ம ஆளுங்க துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு அப்படியே தாண்டிப் போறாங்க."

முற்றத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிஜம்தான். மிரெல்லாவே பள்ளிக்கூடத்தில் படித்தபோது போனதோடு சரி. குவிரினோவின் மனைவி புரூனா, கல்யாணமான புதிதில் அங்கே இறங்கலாம் என்று தான் கேட்டதையும், சாயங்காலம் பார்க்கலாம் என்று இவன் சொன்னதையும், அந்தச் சாயங்காலம் இன்னும் வரவில்லை என்பதையும் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள். சிரிப்பில் முற்றம் அதிர்ந்தது. குவிரினோ கடற்கரையை வாபஸ் வாங்கினான்.

அப்புறம் திட்டம் சூடு பிடித்தது. மே மாதம் என்றால் பச்சை அவரையும் ஆட்டுப்பால் சீஸும் இல்லாமல் ரோம்காரன் ஊருக்கு வெளியே கால் வைப்பானா? அவரை யார், சீஸ் யார், வெயிலுக்குக் குடை யார், ஒயின் எத்தனை பேருக்கு என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். எந்த ரயில் என்பதற்கு ஒரு சண்டை. செருப்பா ஷூவா என்பதற்கு இன்னொன்று. அந்த ஊர்த் தெருவெல்லாம் பெரிய பெரிய கருங்கல்லாம், குதிகால் செருப்பு ஆகாது என்று மிரெல்லா சொன்னதில் புரூனாவுக்கு முகம் சுருங்கியது. எல்லாம் ஒரு வழியாக முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது மேலேயிருந்து நிதானமாக ஒரு கேள்வி வந்தது.

"சரி, நான் எப்படி வர்றது?"

எல்லாரும் மறந்துதான் போயிருந்தார்கள். மேலேயிருந்து பேசுகிற ஆள் மேலேயே இருப்பாள் என்று பழகிப்போயிருந்தது. யோசனை அவளுடையது, பயணம் இவர்களுடையதா? ஆனால் அவள் அழுகிற ரகம் இல்லை, சீண்டுகிற ரகம். வேண்டாம்ப்பா, குவிரினோவுக்கு வயசாயிடுச்சு, முன்னே மாதிரியா, அவனால முடியாது என்றாள்.

குவிரினோவுக்குச் சுருக்கென்று ஏறியது. "யாருக்கு முடியாது? நானே தூக்கிட்டு வர்றேன், டேலியாக்கா. கேஸ் சிலிண்டரைத் தோள்ல போட்டுக்கிட்டு ஊரெல்லாம் மாடி ஏறினவன் நான்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். சரி, முதல் நாள் சனிக்கிழமை ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று மிரெல்லா முடிவு கட்டினாள்.

அந்த வாரம் முழுக்க டேலியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அலமாரியைக் குடைந்து பச்சைப் பூப்போட்ட சட்டையை எடுத்தாள், பிடிக்கவில்லை, வேறொன்றை எடுத்தாள், மறுபடி பச்சைக்கே வந்தாள். சர்ச்சிலிருந்து சக்கர நாற்காலி இரவல் வந்தாயிற்று என்று கூடையில் சீட்டு வந்தபோது, அதைப் படித்துவிட்டு இருந்த இடத்திலேயே சின்னப்பெண் மாதிரி கை தட்டினாள். தெருவைத் தொடப்போகிறோம், ரயிலில் ஏறப்போகிறோம். இதை ஒரு நாளைக்கு நூறு தரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், வெட்கமில்லாமல்.

சனிக்கிழமை மாலை தூக்குகிறவர்கள் வந்தார்கள். ஃபவுஸ்தோ, மிரெல்லா, மிரெல்லாவின் கணவன், மூன்று பேரும் மேலே வந்துவிட்டார்கள். குவிரினோவைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்து மூச்சு இரைக்கும் சத்தம் முதலில் வந்தது, பிறகு அவன் வந்தான். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அந்தக் கட்டடத்தில் இத்தனை வருஷம் இருந்து இரண்டாம் மாடிக்கு மேல் அவன் ஏறியதே இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. டேலியா தண்ணீரைக் கொடுத்தாள். வாயில் வந்த கிண்டலை, தூக்குகிறவன் ஆயிற்றே என்று விழுங்கிக்கொண்டாள்.

பிரம்பு நாற்காலியின் இரண்டு பக்கமும் கழிகளைக் கட்டி அவளை உட்காரவைத்துத் தூக்கினார்கள். அந்தக் காலத்தில் போப்பாண்டவரை இப்படித்தான் தூக்கிப் போவார்கள். டேலியாவுக்கு அது போதாதா? ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் கையை உயர்த்தி ஆசீர்வாதம் வழங்கிக்கொண்டே இறங்கினாள். ஃபவுஸ்தோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, நாற்காலி சாய்ந்தது, மிரெல்லா திட்டினாள். குவிரினோ மட்டும் சிரிக்கவில்லை. அவன் கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது.

தெருவில் இறக்கி வைத்தார்கள். எதிர்க்கடை காப்பி வாசனை, ஸ்கூட்டர் புகை, யாரோ யாரையோ திட்டும் சத்தம். டேலியா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்தாள். வெயில் பட்ட கல் இன்னும் சூடாக இருந்தது. சந்தோஷம் என்றால் அதுதான் சந்தோஷம், வேறு பெயர் வேண்டாம். சந்தைக்காரிகள் வந்து கட்டிக்கொண்டார்கள், காப்பிக்கடைக்காரர் காசு வாங்க மறுத்தார், இருட்டும்வரை அங்கே திருவிழாதான்.

சரி, மேலே போவோம் என்று எழுந்து நாற்காலியைத் தூக்கினார்கள். முதல் மாடி வாசல் வந்ததும் ஃபவுஸ்தோ ஐயோ என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மிரெல்லாவின் கணவன் கழியைக் கீழே இறக்கிவிட்டான். அப்போதுதான் மிரெல்லா தலையில் அடித்துக்கொண்டாள். அவரைக்காய்க்குக் கூட்டம் போட்டோம், குடைக்குக் கூட்டம் போட்டோம், ஏறுவதற்கு ஒருத்தர் யோசித்தோமா? இறங்குவதையே ஒத்திகை பார்க்கப் போய், ஏறுவது என்று ஒன்று இருப்பது எவர் புத்தியிலும் படவில்லை.

நின்றது குவிரினோவின் வாசலில். புரூனா கதவை விரியத் திறந்து, உள்ளே வாங்கக்கா, கட்டில் காலியாத்தான் இருக்கு என்று இழுத்துக்கொண்டு போனாள்.

காலையில் குவிரினோதான் காப்பி கொண்டுவந்தான். கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது, நேற்றைய வலி இன்னும் கையை விடவில்லை. டேலியா, மேலேயிருந்து எடுத்துவரச் சொன்ன பச்சைச் சட்டையில் தயாராக இருந்தாள். தயாராகத்தான் இருந்தாள், ஆனால் முகத்தில் நேற்றைய வெளிச்சம் இல்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

"உடம்புக்கென்ன. பயமா இருக்குடா, குவிரினோ. இன்னிக்குச் சாயங்காலம் யாரையாவது பிடிச்சு என்னை மேலே ஏத்திடுவீங்க. பாவம், உங்களையும் குத்தம் சொல்ல முடியாது, இன்னொரு தரம் யாரு தூக்குவா? அதுக்கப்புறம் நான் அந்தப் படியில இறங்குறது பெட்டியிலதான்."

சொல்லிவிட்டுக் காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள். காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போன குவிரினோ, அதைக் கழுவிக்கொண்டே வெகுநேரம் நின்றான்.

ஒரு மாடிதானே என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்து டேலியாவை இறக்கியபோது தெருவாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு ஃபவுஸ்தோ, இறைச்சிப் பொட்டலத்தோடு. தட்டைச் செருப்பில் புரூனா. அவரைக்காய் மூட்டைகள், குடைகள். முற்றத்துக்கு அந்தப் பக்கத்துப் படிக்கட்டில் வீடு வைத்துக்கொண்டு எப்போதும் ஊரில் இல்லாத வக்கீல்கூட வந்திருந்தார். பலோம்பி தொப்பி போட்டுக்கொண்டு ஆள் கணக்கு எடுத்தார், எடுத்துவிட்டு ஆச்சரியப்பட்டார். அவர் நிர்வாகியான நாளிலிருந்து எந்தக் கூட்டத்துக்கும் எல்லா வீட்டுக்காரர்களும் வந்ததில்லை. இன்றைக்கு ஒருத்தர் பாக்கியில்லை.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பலாம் என்று மிரெல்லா சக்கர நாற்காலியைத் தள்ளினாள். குவிரினோ குறுக்கே வந்து நின்றான். வழக்கம்போல் கடற்கரை என்று ஏதாவது தொடங்கப்போகிறான் என்று டேலியா நினைத்தாள்.

"எல்லாரும் இருக்கோமா? அப்போ இப்பவே கூட்டம். லிஃப்ட் விஷயம்."

நோட்டீஸ் இல்லாமல் எப்படி என்று பலோம்பி இழுத்தார். எல்லா உரிமையாளரும் நேரில் இருந்து, யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் நோட்டீஸ் வேண்டியதில்லை என்று வக்கீல் சொன்னார். அந்த மனுஷர் வாயிலிருந்து அந்தக் கட்டடத்துக்கு நல்லது வந்தது அன்றுதான். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அவரைக்காய்ப் பையோடும் குடையோடும் நடைபாதையிலேயே எல்லாரும் நெருங்கி நின்றார்கள்.

குவிரினோவால் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்து உயர்த்தினான். "கடை, கிடங்கு, ரெண்டு வீடு, எல்லாத்தோட பங்கும். வேணும்." வேறு விளக்கம் அவன் சொல்லவில்லை. ஒருத்தரும் கேட்கவுமில்லை, ஏனென்றால் அதற்குள் சுற்றிலும் கைகள் எழுந்துவிட்டன. பையைக் கீழே வைக்க நேரமில்லாமல் பையோடு கைகள், குடையோடு கைகள்.

பலோம்பி ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு வந்து சக்கர நாற்காலியின் முன்னால் நின்றார். "டேலியாக்கா, உங்க ஓட்டு?"

ரோம் நகரத்திலேயே பெரிய வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. கையும் எழவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, நடுத்தெருவில் டேலியா அழுதுகொண்டிருந்தாள். பலோம்பி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இதையும் ஆதரவு என்றே வைத்துக்கொள்கிறேன் என்றார்.